கக்கூஸ் அடைச்சுக்கிச்சா, கம்பிய எடுக்காதீங்க, சேம்பரத் தொறங்க

கக்கூஸ் அடைச்சா நம்மாளுக கை மொதல்ல போறது கம்பிக்கு, அடுத்தது ஆசிட் பாட்டிலுக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி மூணு முழ இரும்புக் கம்பிய விட்டு வெறி புடிச்ச மாதிரி குத்துனேன், டக்குன்னு ஒரு சத்தம், தண்ணி சரசரன்னு எறங்கிருச்சு, ஆகா அடைப்பு போச்சுன்னு வீட்டுல காப்பி போடச் சொல்லிட்டு ஒக்காந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா செவத்தோரமா ஈரம் ஏறுது, நாத்தம் வேற. பேசினுக்குக் கீழ இருக்க வளைவத்தான் ஒடச்சு வச்சிருக்கேன், தண்ணி பைப்புக்குப் போகாம தரைக்கடியில மணலுக்குள்ள போயிருக்கு. அப்பறம் டைல்ஸக் கொத்தி, பேசினப் பேத்து, புதுசு வச்சு, சிமெண்டு காயுற வரைக்கும் வீட்டுல அஞ்சு பேரும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா வீட்டுக்கு வாளியத் தூக்கிக்கிட்டு நடந்தோம். அந்தக் கூத்துல கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன்.

எங்க வீடு ராமநாதபுரம் மாவட்டத்துல, உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற வழியில. சுத்தி மணலு, பனமரம், போருல வர்ற தண்ணி உப்பு. நான் சொல்றதுல பாதி எந்த ஊருக்கும் ஆகும், மீதி நம்ம கடக்கரைக்காரங்களுக்கு மட்டும்.

மொத வேல, தண்ணி ஊத்துறத நிப்பாட்டுங்க. அடைச்சிருக்குன்னு தெரிஞ்சும் இன்னொரு வாளி ஊத்திப் பாப்போம்னு ஊத்துவோம், அது மேல வந்து வாசப்படி தாண்டி ஓடும். வெஸ்டர்ன் கோப்பைன்னா ஃபிளஷ் டேங்குக்குக் கீழ இருக்க ஆங்கிள் காக்க மூடிருங்க, வீட்டுல யாராச்சும் பழக்க தோசத்துல அமுக்கிருவாங்க, குறிப்பா புள்ளைக.

அடைப்புன்னு நம்ம ஒத்த வார்த்தையில சொல்லிர்றோம், ஆனா அது நாலு எடத்துல இருக்கலாம். ஒண்ணு கோப்பைக்கு அடியில இருக்க வளைவு, பிளம்பருங்க பி ட்ராப்புன்னு சொல்றாய்ங்களே அது, அதுல எப்பவும் ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கும், டேங்க் நாத்தம் வீட்டுக்குள்ள வராம அந்தத் தண்ணிதான் மறிச்சு நிக்குது. அதத் தாண்டி வெளிய சேம்பருக்கு, அதாவது டேங்குக்கு முன்னாடி இருக்க சின்னத் தொட்டிக்குப் போற நாலு இஞ்ச் பைப்பு. அதுக்கப்பறம் சேம்பர்ல இருந்து செப்டிக் டேங்குக்குள்ள நுழையிற வாய். கடைசியா டேங்கே ரொம்பிப் போயிருக்கலாம், இல்ல டேங்குத் தண்ணிய வாங்குற உறிஞ்சு குழி வாங்க மாட்டேன்னு நிக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேற வேற. டேங்கு ரொம்பிக் கெடக்கையில கோப்பையில ரப்பர் பம்பு போட்டுக்கிட்டு நிக்கிறது வயித்து வலிக்குத் தலையில தைலம் தேய்க்கிற கதைதான்.

எதுன்னு கண்டுபுடிக்க ரெண்டு நிமிசம் போதும். வீட்டுக்குப் பின்னாடி ரெண்டடிக்கு ரெண்டடி சிமெண்டு மூடி போட்டு ஒரு சேம்பர் இருக்கும், நம்ம பக்கம் காத்து அடிச்சு அடிச்சு மணலு மூடி கெடக்கும், எங்க இருக்குன்னே மறந்திருப்பீங்க. மம்பட்டியால வழிச்சுட்டு, ஓரத்துல கடப்பாரைய நெம்பி மூடிய ஒரு பக்கமாத் தள்ளுங்க, தூக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும், விரலும் மாட்டும். தொறந்ததும் கரப்பான் ஒரு படையே ஓடும், அது போகட்டும். நல்லா தள்ளி நின்னு, மூஞ்சிய உள்ள விடாம எட்டிப் பாருங்க.

உள்ள காஞ்சு கெடந்தா, இல்ல நூலு மாதிரி தண்ணி மட்டும் ஓடுனா, அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவுலதான், அதாவது வளைவுலயோ பைப்புலயோ. இது நல்ல சேதி, நம்ம கையாலயே முடியும். சேம்பர் முட்ட ரொம்பி நின்னா அடைப்பு அதுக்கு அங்கிட்டு, டேங்குப் பக்கம். அப்ப கோப்பைய விட்டுருங்க, அது மேல ஒரு தப்பும் இல்ல.

குளியலறைத் தண்ணியும் இதே லைனுல சேந்திருந்தா இன்னொரு அடையாளம் உண்டு, கக்கூஸ்ல ஒரு மக்கு ஊத்துனா குளிக்கிற எடத்துச் சல்லடையில குளுக்கு குளுக்குன்னு காத்து கெளம்பும், அப்படின்னா ரெண்டும் சேருற எடத்துக்கு அப்பறம்தான் அடைப்பு. ஆனா நம்ம பக்கம் முக்காவாசி வீட்டுல குளிக்கிற தண்ணி தென்னைக்கோ வாழைக்கோ தனியாப் போகும், அந்த வீடுகளுக்கு இந்த அடையாளம் ஒதவாது.

சரி, சேம்பர் காஞ்சு கெடக்கு, வளைவுலதான் அடைப்புன்னு வச்சுக்குவோம்.

பாத்திரம் வெளக்குற லிக்விட் சோப்ப அரை டம்ளர் கோப்பைக்குள்ள ஊத்துங்க. சோப்புத்தூளக் கரச்சும் ஊத்தலாம், ஆனா லிக்விடுதான் வழுக்கும். அது பாட்டுக்கு அரை மணி நேரம் கெடக்கட்டும். அப்பறம் ஒரு வாளி வெந்நி, கை பொறுக்குற சூடு போதும், தளதளன்னு கொதிக்கிறத ஊத்துனா பீங்கான் விரிசல் விட்ரும், கீழ இருக்க பிளாஸ்டிக் பைப்பும் எளகிரும். வாளிய இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கி மொத்தமா ஓட்டையப் பாத்து ஒரே வீச்சுல ஊத்துங்க, மக்கு மக்கா ஊத்துறதுல வேகம் இருக்காது. ஏற்கனவே தண்ணி விளிம்பு வரைக்கும் நின்னா மொதல்ல கொஞ்சம் மோந்து வேற வாளியில எடுத்துட்டு ஊத்துங்க, இல்லன்னா காலு மேலதான் வரும். வெறும் காயிதம், கெட்டியாப் போனது இதெல்லாம் பாதிக்குப் பாதி இதுலயே போயிரும்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து ஊத்துனா போயிருமுன்னு வீடியோ போடுறாய்ங்க. நொரை வரும், பாக்க ஜோரா இருக்கும், அம்புட்டுதான். நொரையில தள்ளுற வலு கெடையாது.

போகலன்னா பம்பு, கடையில ரப்பர் கப்புன்னு கேட்டாலே குடுப்பாய்ங்க. வெஸ்டர்னுக்கு வாங்கும்போது கப்புக்கு அடியில இன்னொரு சின்ன ரப்பர் வளையம் நீட்டிக்கிட்டு இருக்கதா பாத்து வாங்குங்க, அதுதான் ஓட்டைக்குள்ள உக்காரும், தட்டையா இருக்கது கை கழுவுற தொட்டிக்கு. பம்பு போடுறதுல எல்லாரும் பண்ற தப்பு அமுக்குறதுலயே வேகம் காட்டுறது. கப்பு மூழ்குற அளவுக்குத் தண்ணி நிக்கணும், மொத அமுக்கு பைய அமுக்கி உள்ள இருக்க காத்த வெளிய விடணும், அப்பறம் எடுக்காம அமுக்கி இழுத்து, அமுக்கி இழுத்து ஒரு பதினஞ்சு இருவது தடவ, கடைசில வெடுக்குன்னு இழுக்கணும். தள்ளுறத விட இழுக்குறதுதான் வேல செய்யும், இறுகி நிக்கிறது முன்னயும் பின்னயும் ஆடி ஆடித்தான் கழலும். விளிம்புல லேசா வாசலின் தடவிட்டா காத்து போகாம நல்லா ஒட்டும். குளியலறையும் ஒரே லைனுன்னா அந்தச் சல்லடை மேல ஈரச்சாக்க நாலா மடிச்சுப் போட்டு ஒரு ஆள ஏறி நிக்கச் சொல்லுங்க, இல்லன்னா நீங்க அமுக்குற காத்தெல்லாம் அங்கிட்டு போயிரும், நீங்க வேர்த்து நிக்க வேண்டியதுதான்.

இந்தியன் பேசினுக்குப் பம்பு சரியா உக்காராது, அதுக்கு ஒரு கை வைத்தியம் இருக்கு. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில எடுத்து அடிப்பக்கம் ஒரு இஞ்ச் விட்டு வட்டமா வெட்டிருங்க, மூடிய இறுக்கி மூடுங்க, கையில உறை மாட்டிக்கிட்டு வெட்டுன பக்கத்த ஓட்டைக்குள்ள விட்டு மூடிப் பக்கத்தப் புடிச்சு சக்கு சக்குன்னு அமுக்கி இழுங்க. ஓட்டைக்கு கிட்டத்தட்ட அளவா உக்காரும். அந்த நேரம் எதுவும் கெடைக்கலன்னா தரை தொடைக்கிற மாப்பு நுனியில பிளாஸ்டிக் கவரச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டு அதுலயும் குத்தலாம், கவரு உள்ள கழண்டு விழாம இறுக்கிக் கட்டிருங்க, இல்லன்னா ஒரு அடைப்புக்கு ரெண்டு அடைப்பு.

போன வருசம் எங்க பொண்ணுக்குக் காதுகுத்து. மொத நாள் ராத்திரியே வீட்டுல இருவது பேருக்கு மேல, சாயல்குடியில இருந்து தொண்டி வரைக்கும் சொந்தம் வந்து எறங்கிருச்சு, வெள்ளன நாலு மணிக்கு அம்மா வந்து காதுகிட்ட "ஏப்பா, தண்ணி போக மாட்டேங்குது"ன்னாங்க. அந்த நேரம் எந்தப் பிளம்பரு போனு எடுப்பாரு. மச்சினன எழுப்பி டார்ச்சு புடிக்கச் சொல்லி சேம்பரத் தொறந்தேன், அவன் மூக்கப் பொத்திக்கிட்டு "மச்சான், உள்ள ஒண்ணுமே இல்லையே, காஞ்சு கெடக்கு"ன்னான். "அதுதான்டா மாப்ள வேணும்"னு சொல்லிட்டு உள்ள போயி பாட்டில போட்டேன். எட்டு, ஒம்பது, பத்து, ஒண்ணும் அசையல, கையில மட்டும் ஒரு இழுவை தெரியுது, உள்ள என்னமோ மெத்து மெத்துன்னு இருக்கு. சோப்ப ஊத்திட்டு மறுபடி போட்டேன். பதினேழோ பதினெட்டோ, குபுக்குன்னு அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி ஒரு சத்தம், நின்ன தண்ணி ஒரு சுழி சுழிச்சு எறங்குது, வெளிய இருந்து மச்சினன் கத்துறான், "மச்சான் வந்துருச்சு, வந்துருச்சு!" என்னன்னு பாத்தா கோழி முட்டை அளவுல ஒரு உருண்டை, தல முடி, ரெண்டு ஷாம்பு பாக்கெட்டு, எல்லாத்தையும் சேத்துக் கட்டிப் போட்ட மாதிரி ஒரு முழம் தங்கூசி நரம்பு. தூண்டில் நரம்பு சட்டப்பையில கெடந்து துவைக்கிற எடத்துல விழுந்து அங்கிருந்து இங்க வந்திருக்கு. நரம்பு மக்காது, வளைவுல ஒரு சுத்து சுத்திக்கிச்சுன்னா வர்றவன் போறவன் எல்லாத்தையும் புடிச்சு வச்சுக்கும். மீன் புடிக்கிற வீடுகள்ல இத மட்டும் கவனமா இருங்க. அத கோழி கிண்டாம சேம்பர்ல இருந்து கம்பால எடுத்துக் குழி தோண்டிப் பொதச்சேன், டேங்குக்குள்ள தள்ளி விட்டா அங்க போயி அடுத்த வேலைய ஆரம்பிக்கும்.

நாப்கின், பேம்பர்ஸ், கொழந்தைக்குத் தொடைக்கிற ஈரக் காயிதம், பழந்துணி, இதுல ஏதாவது விழுந்துச்சுன்னு தெரிஞ்சா பம்பே போடாதீங்க. தள்ளத் தள்ள ஆழத்துல போயி இறுகும். இழுத்துத்தான் எடுக்கணும். ஹேங்கர் கம்பிய நிமித்தி நுனியக் கொக்கி மாதிரி வளச்சு, கொக்கி மேல துணி சுத்திக்கிட்டு, குத்தாம பைய விட்டு மாட்டி இழுங்க. பேம்பர்ஸ்ல இன்னொரு சிக்கல், அதுக்குள்ள இருக்க பொடி தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உப்பி வளைவ நெறச்சுரும், கொக்கியில மாட்டுனாலும் வராது. அதுக்கு உப்புதான் மருந்து. வாலிநோக்கத்துப் பக்கம் உப்பளத்துல மலையாட்டம் குவிச்சு வச்சிருக்காங்களே அந்தக் கல்லுப்புதான், ஒரு கிலோவ அரை வாளி வெதுவெதுப்பான தண்ணியில கரச்சு ஊத்திட்டு ரெண்டு மணி நேரம் விடுங்க. உப்புத் தண்ணியில அந்தப் பசை குடிச்ச தண்ணியக் கக்கிட்டுச் சுருங்கும். சுருங்குனதும் கொக்கி போட்டா வழுக்கிக்கிட்டு வந்துரும். என் தங்கச்சி வீட்டுல இப்படித்தான் எடுத்தோம், அவ இன்னமும் நம்ப மாட்டேங்குறா, சாமி கும்புட்டதுல வந்துச்சுங்கிறா.

அடைப்பு வளைவத் தாண்டி பைப்புல இருந்தா ஸ்பிரிங்கு வேணும். ஹார்டுவேர்ல அஞ்சு மீட்டர், பத்து மீட்டர்னு சுருள் கம்பி, கைப்புடி வச்சது கெடைக்கும், ஒரு பிளம்பர் கூலிய விடக் கம்மிதான். இத கோப்பை வழியா விடுறத விட சேம்பர் பக்கத்துல இருந்து வீட்டப் பாத்து விடுறது நல்லது, நேரான பைப்பு, வளைவு கெடையாது, பீங்கான்ல கீறலும் விழாது. விடும்போது கைப்புடிய ஒரே பக்கமா சுத்துங்க, அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துனா உள்ள முறுக்கிக்கும். தடுக்குற எடம் வந்ததும் முட்டாம அங்கயே நாலு சுத்து சுத்தி, சுத்திக்கிட்டே வெளிய இழுங்க. நுனியில என்ன வருதுன்னு பாருங்க, அதுலயே காரணம் தெரிஞ்சுரும். வெறும் மணலும் சகதியும்னா ஒண்ணு, பழுப்பு நெறத்துல முடி மாதிரி வேரு வந்தா வேற ஒண்ணு.

வேரு வந்தா பைப்பு ஜாயிண்டுல எங்கயோ விரிசல் விட்ருக்குன்னு அர்த்தம். சீமக்கருவை வேரு தண்ணி இருக்க எடத்த எப்படித்தான் மோப்பம் புடிக்குமோ, கோடையில காஞ்ச மணல்ல ஈரம்னு இருக்கது நம்ம கக்கூஸ் பைப்பு மட்டும்தான், மயிரிழை அளவு சந்து கெடச்சா நுழைஞ்சு உள்ள கொத்தா வளந்துரும். தென்னையும் லேசுப்பட்டதில்ல. ஸ்பிரிங்குல அறுத்து எடுத்தாலும் மறுபடி வளரும், அந்த ஜாயிண்டத் தோண்டி மாத்துற வரைக்கும் தொல்லைதான். மரத்த வெட்டுறதா பைப்ப மாத்துறதான்னு கேட்டா, கருவைன்னா யோசிக்காம வெட்டுங்க, தென்னைன்னா பைப்ப மாத்துங்க.

பனமட்டையால குத்துறதப் பத்தி ஒரு வார்த்தை. எங்க சித்தப்பா கம்பி கூடாதுன்னு நான் சொன்னதக் கேட்டுட்டு கருக்கு சீவாத மட்டைய விட்டாரு, அது வளைவுல பாதியில ஒடிஞ்சு, கருக்கு ரெண்டு பக்கமும் பல்லுக் கடிச்ச மாதிரி மாட்டிக்கிச்சு. அத எடுக்க ஒரு நாள் ஆச்சு. வளையிற சாமான் எதுவா இருந்தாலும் பரவால்ல, ஒடியிற சாமான் எதையும் உள்ள விடாதீங்க.

இப்ப ஆசிட்டு. உள்ள சிக்குன துணியையோ நாப்கினையோ முடியையோ ஆசிட்டு கரைக்காது, இத மொதல்ல மனசுல வச்சுக்கங்க. ஆசிட்டு கரைக்கிறது உப்புக் காரைய மட்டும்தான், நம்ம பக்கம் அதுக்கு ஒரு வேல இருக்கத்தான் செய்யுது. போரு தண்ணி ஊத்தி ஊத்தி வளைவுக்குள்ள மஞ்சளா வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சு நாலு இஞ்ச் வழி மூணாகிரும், சொரசொரன்னு இருக்கதால போறதெல்லாம் அதுல ஒரசி நிக்கும். மாசத்துக்கு ஒருக்கா ஒரு காரணமும் இல்லாம அடைக்குதுன்னா இதுவாத்தான் இருக்கும். அடைப்ப எடுத்துட்டு, தண்ணி நல்லா ஓடுது அப்படிங்கிற நெலமையில, வளைவுல நிக்கிற தண்ணிய மோந்து எடுத்துட்டு ஹார்பிக் மாதிரி கழுவுற ஆசிட்ட ஊத்தி, சன்னலத் தொறந்து வச்சு, ராத்திரி பூரா விட்டு, காலையில பிரஷ் போட்டுத் தேச்சு ரெண்டு வாளி தண்ணி விடுங்க. நாலஞ்சு தடவையில தேறிரும். ஆசிட்டு வாடை ஆகாதவங்க எலுமிச்சை உப்ப வெந்நியில கரச்சு ஊத்தலாம், மெதுவாத்தான் கேக்கும்.

ஆனா அடைச்சு நிக்கிற தண்ணியில ஆசிட்ட ஊத்திட்டு மேல நின்னு பம்பு போடுறவங்களும் இருக்காங்க, கண்ணுல தெறிச்சா கதை முடிஞ்சுது. அதே மாதிரி ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒண்ணா சேரவே கூடாது, குளோரின் வாயு கெளம்பி, அந்தச் சின்ன ரூமுக்குள்ள மூச்சு அடைச்சுரும். அடைப்பு எடுக்குற காஸ்டிக் தூளும் ஆசிட்டும் சேந்தா கொதிச்சு மேல பீச்சும். காலையில தூளு போட்டேன் கேக்கல, சாயங்காலம் ஆசிட்டு ஊத்துறேன்னு யாராச்சும் சொன்னா கையப் புடிச்சு நிப்பாட்டுங்க. பிளம்பரு வந்தா உள்ள என்ன ஊத்தி வச்சிருக்கோம்னு மறைக்காமச் சொல்லிருங்க, கை விடப்போறது அவரு.

இனி சேம்பர் ரொம்பி நிக்கிற கேசு. சேம்பர்ல இருந்து டேங்குக்குள்ள போற பைப்பு, உள்ள டீ மாதிரி ஒரு வளைவுல முடியும், மேல மெதக்குற ஏடு கெட்டியாகி அந்த டீய அடைச்சுக்கும். டேங்கு மூடிய தொறந்து பாத்தா தண்ணி மட்டம் சரியாத்தான் இருக்கும், ஆனா சேம்பர் ரொம்பி நிக்கும், அப்ப டீயில அடைப்புன்னு அர்த்தம், மேல நின்னுக்கிட்டே மூங்கில் கழியால டீக்குள்ள இடிச்சு விட்டாப் போதும். ஆனா இங்க ஒரே ஒரு விசயத்துல நான் கண்டிப்பா இருப்பேன். தொறந்ததும் பக்கத்துல போகாம அரை மணி நேரம் விடுங்க, காத்து முதுகுல படுற மாதிரி நில்லுங்க, பீடி தீப்பெட்டி கிட்டயே வேணாம், தனியா செய்யாதீங்க, எது உள்ள விழுந்தாலும், போனே விழுந்தாலும், எறங்காதீங்க, யாரையும் எறக்காதீங்க. உள்ள இருக்க வாயு ரெண்டு மூச்சுல ஆளச் சாச்சுரும், தூக்கப் போறவனும் சேந்து விழுவான். பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கி டேங்கு கழுவுறது 2013ல வந்த சட்டப்படி குத்தமும் கூட. டேங்கு ரொம்பியிருந்தா லாரி வச்சு உறிஞ்சுறதுதான் வழி, 14420க்குப் போன் பண்ணுனா அதுக்கு ஏற்பாடு சொல்லுவாங்க. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா உறிஞ்சிரணும், நாம பத்து வருசம் கழிச்சு மேல வந்தாத்தான் நெனைப்போம்.

மழைக்காலத்துல இதுவும் மாறிரும், ஐப்பசி கார்த்திகையில மணலுக்கடியில தண்ணி ஏறி ரெண்டு மூணு அடியில நிக்கும், சிமெண்டு உறை எறக்குன உறிஞ்சு குழி நம்ம தண்ணிய வாங்காம நெலத்துத் தண்ணிய நம்மகிட்ட அனுப்பும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் எங்க தெருவுல ஒரு கக்கூஸும் ஓடல. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் காசு குடுத்து லாரி வச்சு உறிஞ்சாரு, மறுநாள் சாயங்காலம் பாத்தா மறுபடி அதே மட்டம், கடலையா உறிஞ்ச முடியும். அந்த நாள்ல செய்ய வேண்டியது கம்மி. குளிக்கிற, துவைக்கிற தண்ணி டேங்குக்குப் போகாம வெளிய திருப்பி விடுங்க, மாடித் தண்ணி உறிஞ்சு குழி மேல விழாமப் பாருங்க, கக்கூஸ்ல தேவைக்கு மட்டும் ஊத்துங்க, மட்டம் எறங்குற வரைக்கும் பொறுங்க. புதுசா வீடு கட்டுறவங்க கோப்பை வைக்கிற தளத்த ரெண்டடி ஒசத்தி வச்சா பின்னாடி என்னைய நெனைப்பீங்க.

அரசுத் திட்டத்துல ரெண்டு குழி கக்கூஸ் கட்டுனவங்களுக்கு ஒரு சேதி. நடுவுல ஒய் மாதிரி பிரியிற சின்னத் தொட்டி இருக்கும், அதுல ஒரு வழிய செங்கல்லும் மண்ணும் வச்சு அடைச்சிருக்கணும். ஒரு குழி ரொம்புனா அடைப்ப எடுத்து இந்தப் பக்கம் வச்சுட்டு அடுத்த குழிக்குத் திருப்பி விட வேண்டியதுதான், பழையது ஒண்ணரை ரெண்டு வருசத்துல மக்கி உரமாயிரும். பல வீட்டுல ரெண்டு வழியும் தொறந்தே கெடக்கு, ரெண்டு குழியும் ஒண்ணா ரொம்பி ஒண்ணா நிக்குது.

மறுபடி அடைக்காம இருக்க என்ன பண்ணலாம்னா, நம்ம ஊருல மொதக் காரணம் தண்ணி சிக்கனம். குடத்துக்குக் காசு குடுத்து வாங்குற ஊருல கக்கூஸுக்கு ரெண்டு மக்குக்கு மேல ஊத்த மனசு வராது, அது வளைவத் தாண்டும், ஆனா பைப்புல பாதி தூரத்துல நின்னுரும், நாள்பட அது மேல அதுவாச் சேரும். அதுக்குத்தான் துவைச்ச தண்ணி, அரிசி கழுவுன தண்ணிய ஒரு வாளியில புடிச்சு வச்சு, ராத்திரி ஒருக்கா மொத்தமா வீசி ஊத்துங்க, நல்ல தண்ணி செலவு கெடையாது, பைப்பும் கழுவிரும். பைப்பு சரிவு பத்தடிக்கு மூணு இஞ்சாவது இருக்கணும், எங்க வீட்டுல பழைய கொத்தனாரு கண்ணு மட்டத்துல போட்டது, ஒரு எடத்துல தொட்டில் மாதிரி தொங்குது, அந்த எடம் வருசத்துக்கு ஒருக்கா கைய நீட்டும். கடலுக்குப் போயிட்டு வர்றவங்க கால் மணல வெளியவே கழுவிட்டு உள்ள போங்க. மீன் கழுவுன தண்ணியையும் செதிலையும் இறா தோட்டையும் கக்கூஸ்ல கொட்டாதீங்க, பூனைக்கோ தென்னங்குழிக்கோ போடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் தரையக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுங்க, அதுக்கு முன்னாடி ஆசிட்டு ஊத்தியிருந்தா நாலஞ்சு வாளி தண்ணி விட்டு அலசுன பெறகுதான். கையில புண்ணு இருந்தா இந்த வேலைக்கே போகாதீங்க. ஸ்பிரிங்க வெயில்ல காய வச்சு, தேங்கா எண்ணெய் நனைச்ச துணியால ஒரு தொடை தொடச்சு மாட்டி வைங்க, உப்புக் காத்துல ஒரே கச்சான் காத்து சீசன்ல துரு ஏறி அடுத்த தடவ உள்ளயே அத்துக்கும். எங்க வீட்டுது கொல்லையில ஆணியில தொங்குது, வருசத்துல மூணு தடவையாவது சித்தப்பாதான் வாங்கிட்டுப் போறாரு, கழுவாம கொண்டாந்து மாட்டிர்றாரு.